எதிர்வீட்டு மன்னிப்பு

அமெரிக்காவில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடக் கூடாது என்று முஃப்லிஹுக்கு யாரும் சொல்லாமல் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி அமர்த்திக் கொடுத்த வக்கீல் அம்மாள் சொன்னார், அதுவும் மிரட்டுகிற குரலில். மனைவி இன்திஸார் அழுதுகொண்டே சொன்னாள். மகள் ரஹஃப் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எல்லோருக்கும் சரி, சரி என்று தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்டிவிட்டுத் தன் மனசுக்குப் பட்டதைத்தான் செய்வார்.

நடந்தது இதுதான். அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் ரஹஃப் கல்லூரி முடிந்து காரில் வந்துகொண்டிருந்தாள். கிளீவ்லண்டின் மேற்குப் புறநகரில் அவர்கள் இருந்த தெரு முனையில் திரும்பும்போது, தபால்களை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்த எதிர்வீட்டு லொரெய்ன் கெஸ்லர் மேல் மோதிவிட்டாள். இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்தன. உயிருக்கு ஆபத்தில்லை. ரஹஃப் இறங்கி ஓடி, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த அம்மாளின் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் மண்டியிட்டிருந்தாள். நர்ஸ் படிப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

போலீஸிடம், கண்ணில் வெயில் அடித்தது என்றாள். அது பொய்யில்லை. அந்த நேரத்தில் அந்த முனையில் திரும்புகிற எவருக்கும் வெயில் முகத்தில்தான் அறையும். மீதியை அப்பாவிடம் மட்டும் சொன்னாள். வீட்டுக் கார் ஷெட்டில், விரிசல் விட்ட முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"யாபா, வெயில் அடிச்சது நிஜம். ஆனா நான் ஃபோனையும் பார்த்தேன். ஒரு நொடிதான். பரீட்சை மார்க் வந்திருந்துச்சு."

முஃப்லிஹ் கண்ணாடியின் விரிசலை விரலால் தடவினார்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க, யாபா. யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன்."

"என் வாயிலேர்ந்து வராதும்மா" என்றார். அந்த நிமிஷம் அதை மனசாரத்தான் சொன்னார்.

ரஹஃபுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அரபு நாட்டில் தன் ஊரான கரக்கில் நிலப்பதிவு அலுவலகத்து நாற்காலியை விட்டுவிட்டு இங்கே வந்து பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாரே, அதற்கு அவரிடம் இருந்த ஒரே நியாயம் அந்தப் பெண்ணின் படிப்புதான். வக்கீல் அம்மாள் விஷயத்தைப் பச்சையாகவே உடைத்திருந்தார். "இன்னிக்கு இது வெறும் விபத்து. வெயில், கெட்ட நேரம், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் பார்த்துக்கும். ஆனா அவ வேற எதையாவது கவனிச்சிட்டிருந்தான்னு ஒரு வார்த்தை வெளிய வந்துச்சுன்னா இது குற்ற வழக்கு. அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் அவளை நோயாளி பக்கத்துல விடாது. பூ அனுப்பாதீங்க, கார்டு அனுப்பாதீங்க. எதிர்ல பார்த்தா தலையை அசைங்க, வாயைத் திறக்காதீங்க."

பூ வேண்டாம், போகட்டும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் முஃப்லிஹுக்கு முடியவில்லை.

லொரெய்னின் கணவர் வால்ட் கெஸ்லர் ஓய்வுபெற்ற பிளம்பர். நான்கு வருஷமாக எதிரெதிரே இருந்தும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் கால் வைத்ததில்லை. அந்தத் தெருவில் அதற்குப் பெயர்தான் நல்ல உறவு. காலையில் வால்ட் கையை ஆட்டுவார், இவரும் ஆட்டுவார். முஃப்லிஹ் என்ற பெயர் வாயில் நுழையாததால் முதல் நாளே அதை 'மோ' என்று நறுக்கிவிட்டார். முதல் ரம்ஜானுக்கு இன்திஸார் ஒரு தட்டு நிறைய இனிப்புக் கொடுத்தனுப்பினாள். தட்டு பளபளவென்று கழுவித் துடைத்து, நன்றி என்று எழுதிய ஒரு அட்டையோடு வாசற்படிக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு ஆப்பிள்கூட இல்லை. வெறுந்தட்டைத் திருப்பி அனுப்புகிற மனுஷர்களும் உலகத்தில் உண்டா என்று அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஆனால் பனி கொட்டுகிற காலையில் அதே வால்ட்தான் தன் வாசல் பனியைத் தள்ளிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் இவர்கள் வாசலையும் சுத்தம் செய்துவிட்டுப் போவார். நன்றி சொல்ல ஓடி வந்தால், அதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பார்.

விபத்து நடந்து ஒரு வாரம் கழித்து, முஃப்லிஹ் பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது வால்ட் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் கை பாதி உயர்ந்தது. முஃப்லிஹ் தலையை அசைத்தாரோ இல்லையோ, அவருக்கே நினைவில்லை. திருடன் மாதிரி வீட்டுக்குள் ஓடிப்போனது மட்டும் நினைவிருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார். மேலெல்லாம் கூசியது.

கரக்கில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இவர் பக்கத்துப் பெரியவர்கள் அந்த வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள். தப்பு எங்களுடையது, என்ன சொல்கிறீர்களோ அது எங்கள் தலைமேல் என்று கும்பலாகப் போய் நிற்பதற்கு ஜாஹா என்று பெயர். போகாமல் இருந்தால் அது இரண்டாவது தடவை மோதுவதற்குச் சமம். முதல் மோதலையாவது மறந்துவிடுவார்கள், இரண்டாவதைப் பேரன் காலம்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

"நான் போகணும்" என்றார் மனைவியிடம்.

"நீங்க போனா அந்தம்மா காலு ஒட்டிக்குமா?"

"காலு ஒட்டாது. நான் அந்தாளு மூஞ்சியில முழிக்கணும்ல?"

"உங்க மூஞ்சியைக் காப்பாத்த எம் பொண்ணு தலையை உருட்டாதீங்க" என்றாள் இன்திஸார். சட்டியில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தலையாட்டினார்.

மறுநாள் நேராகப் போனது கரக் ஊர்க்காரர் சங்கத்துக்கு. அங்கே அபூ அவ்வாத் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். கம்பளக் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, கல்யாணம், விவாகரத்து, பாகப்பிரிவினை என்று ஊரார் வழக்குகளைத் தீர்த்துவைக்கிற கிழவர். ஆண் பிள்ளை இல்லாத முஃப்லிஹை 'அபூ ரஹஃப்', அதாவது ரஹஃபின் அப்பா, என்று மகள் பெயர் சொல்லிக் கௌரவமாகக் கூப்பிடுகிற பெருந்தன்மை அந்தச் சங்கத்தில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. மற்றவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள்.

"அமெரிக்கக்காரன் வீட்டுக்கா?" கிழவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "நாப்பது வருஷமா இங்க குப்பை கொட்டுறேன். அவன் வீட்டுக் கூடம் எப்படி இருக்கும்னு கம்பளம் விரிக்கப் போனதால தெரியும். இல்லேன்னா அதுவும் தெரியாது. நாக்காலி போடுவானா அவன்?"

"போடுவாரு. நல்ல மனுஷன்."

"காபி குடுப்பானா?"

அதை முஃப்லிஹ் யோசித்திருக்கவில்லை. காபி இல்லாமல் ஜாஹா ஏது? போனவர்களுக்கு வீட்டுக்காரர் காபி ஊற்றிக் கொடுப்பார். தலைமை தாங்கிப் போனவர் அதைக் குடிக்காமல் முன்னால் வைத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்பார். கேட்டது கிடைத்தது என்று வீட்டுக்காரர் வாயால் சொன்ன பிறகுதான் எடுத்துக் குடிப்பார். காபி ஆறிப்போய் அப்படியே இருந்தால் ஊருக்கே கெட்ட சேதி.

கிழவர் தாடியைச் சொறிந்தார். "ஒண்ணு பண்ணுவோம். காபியை நாம கொண்டுபோவோம். ஊத்துறது அவன் ஊத்தட்டும். அவன் கையால வந்தா அது அவன் காபிதானே?"

"சரியா வருமா, அம்மோ?" என்றார் முஃப்லிஹ், சித்தப்பாவைக் கூப்பிடுகிற முறையில்.

"வராம என்ன? காலு ஒடிஞ்சவன் எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன, வலி ஒண்ணுதானப்பா. தப்பு என்னுதுன்னு ஒருத்தன் வந்து நின்னா இளகாத மனசு எங்க இருக்கு?"

முஃப்லிஹ் எதிர்வீட்டுக்கு ஃபோன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பேரோடு பார்க்க வரலாமா என்று கேட்டார். "தாராளமா வாங்க, மோ. லொரெய்னும் வீட்டுக்கு வந்துட்டா. டிவியில பந்தாட்டம் முடிஞ்சப்புறம் வாங்க" என்றார் வால்ட். அந்தக் குரலில் கோபமே இல்லை. முஃப்லிஹ் ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரஹஃபிடம் சொல்லவில்லை. பெண்கள் ஜாஹாவுக்குப் போகிற வழக்கமில்லை, எதற்குச் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டும்? அன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி வேறு இருந்தது.

கொஞ்சம் பேர் என்றால் வால்ட் மனசில் என்ன நினைத்தாரோ, ஒரு கணவன், ஒரு மனைவி, கையில் ஒரு கேக் என்று நினைத்திருப்பார். வந்தது நான்கு கார்கள். இறங்கியது முஃப்லிஹையும் சேர்த்து ஒன்பது ஆண்கள். எல்லோரும் மீசைக்காரர்கள், பாதிப் பேர் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியில், அபூ அவ்வாத் தங்க ஓரம் வைத்த கறுப்பு மேலங்கியில். நடைபாதையில் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் மேலங்கியைச் சரிசெய்துவிட்டார்கள். அந்தத் தெருவில் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக விலகின. ஊரில் என்றால் இதைப் பார்த்துப் பெண்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். இங்கே பார்த்தவர்களில் யாரோ ஒரு புண்ணியவான் போலீஸுக்கு ஃபோன் போட்டான்.

கதவைத் திறந்த வால்ட் ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போனார். ஆனால் மனுஷன், "வாங்க, வாங்க" என்று வழிவிட்டார். நாற்காலிகள் போதவில்லை. சோபாவில் நெருக்கிக்கொண்டு நான்கு பேர், மாடிப்படியில் மூன்று பேர். டிவியில் அடுத்த ஆட்டத்தில் சத்தமில்லாமல் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். நாய் ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்தது, தொழுகைக்குச் சுத்தமாக இருக்க வேண்டியவர்கள் அங்கியை இழுத்துச் சுருட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் நெளிந்தார்கள். சாப்பாட்டு அறையில் மேஜையை ஒதுக்கிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தது. அதில் லொரெய்ன் காலை உயர்த்தி வைத்துப் படுத்தபடி எல்லோரையும் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வாசலில் ஒரு இளம் போலீஸ்காரர் வந்து நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்கா, சார்?" என்று வால்டிடம் கேட்டார். மாடிப்படியில் இருந்தவர்கள் உறைந்துபோனார்கள்.

"ஏன், என்ன? இவங்க என் விருந்தாளிங்க" என்றார் வால்ட். போலீஸ்காரர் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைக்காகவே முஃப்லிஹ் அன்றைக்கு வால்டின் காலில் விழுந்திருப்பார். விருந்தாளிகள் என்று சொன்னாரே!

அபூ அவ்வாத் ஃபிளாஸ்க்கை எடுத்து வால்டின் கையில் கொடுத்தார். சின்னக் கோப்பைகளையும் கொடுத்தார். "ஊத்தச் சொல்லு" என்றார் முஃப்லிஹிடம். வால்டுக்குப் புரியவில்லை, இருந்தாலும் ஊற்றினார். கை தாராளம், விளிம்புவரை ஊற்றினார். விளிம்புவரை ஊற்றினால் கரக்கில் குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். ஒன்பது பேரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

கிழவர் கோப்பையைக் குடிக்காமல் முன்னால் இருந்த மேஜையில் வைத்தார்.

"சூடா இருக்கா? தண்ணி கலக்கட்டுமா?" என்றார் வால்ட்.

"இல்லை, சார்" என்றார் முஃப்லிஹ் அவசரமாக. "அவர் ஒண்ணு கேக்கணுமாம். நீங்க சரின்னு சொன்னாதான் குடிப்பாரு."

கிழவர் அரபியில் பேசினார், முஃப்லிஹ் மொழிபெயர்த்தார். கடவுள் பெயர், பெரியவர்கள் பெயர், அண்டை வீட்டின் உரிமை எல்லாம் வந்தது. "உங்க வீட்டு அம்மா எங்க வீட்டு அம்மா. அவங்க ரத்தம் எங்க ரத்தம். எங்க முகத்தை உங்க வாசல்ல கொண்டாந்து வெச்சிருக்கோம். நீங்க என்ன சொன்னாலும் எங்க கழுத்து மேல."

வால்ட் மனைவியைப் பார்த்தார். "சரி... நான் என்ன செய்யணும், மோ?"

முஃப்லிஹ் எழுந்து நின்றார். இதுதான் அவர் பேச வேண்டிய இடம். ஜாஹாவில் தப்பு செய்தவன் பக்கம் சாக்குப்போக்குச் சொல்லவே கூடாது. வெயில் அடித்தது என்று இழுத்தால் வீட்டுக்காரனும் கணக்குப் பார்ப்பான். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பான். அவர் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். அங்கே சொன்னது அந்தக் கூடத்தைத் தாண்டாது, காபியோடு உள்ளே போய்விடும். இத்தனை பேர் முன்னால் பாதி மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போக அவருக்கு மனசு வரவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு நினைவில்லாமல் இல்லை. நினைவு இருந்தது, தொண்டைவரைக்கும் வந்தது. ஆனால் தானும் தன் பேச்சும் அந்த நேரத்தில் அவருக்கு ரொம்ப அழகாகப் பட்டுவிட்டது.

"எம் பொண்ணு போலீஸ்ல வெயில்னு சொன்னா. வெயில் அடிச்சது உண்மை. ஆனா அவ ஃபோனைப் பாத்துட்டிருந்தா. எங்கிட்ட சொன்னா. அதை மறைச்சிட்டு உங்க வீட்டுல உக்கார என்னால ஆகாது. முழுத் தப்பும் எங்களோடது, சார்."

டிவியில் கூட்டம் கையை ஆட்டியது. நாயும் சும்மா இருந்தது.

கட்டிலிலிருந்து லொரெய்ன்தான் முதலில் பேசினாள். "அந்தப் பொண்ணு என் தலையை எப்படிப் பிடிச்சுட்டிருந்தா தெரியுமா? அவ கை நடுங்கவே இல்ல. அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது."

வால்டின் கண் சிவந்திருந்தது. எழுந்து வந்து முஃப்லிஹின் கையைப் பிடித்தார். "இந்த மாதிரி ஒருத்தர் வந்து சொல்லி நான் பார்த்ததில்ல, மோ. மன்னிச்சாச்சு. அந்தப் பெரியவரைக் குடிக்கச் சொல்லுங்க, ஆறிடப் போகுது."

ஒன்பது பேரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். சங்கத்துக்குக் காரில் திரும்பும்போது அபூ அவ்வாத் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நம்ம ஊர்லகூட இவ்வளவு சீக்கிரம் இளக மாட்டானுங்கடா" என்றார். சங்கத்தில் இரண்டு வாரம் இதே பேச்சு. அமெரிக்கக்காரன் வீட்டில் ஜாஹா நடத்திக் காட்டிய அபூ ரஹஃப்! இப்போது அந்தப் பெயரைச் சொல்லி யாரும் சிரிக்கவில்லை.

ரஹஃப் வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். "என்ன சொன்னீங்க, யாபா?"

"என்ன சொல்லுவாங்க, மன்னிப்புக் கேட்டோம். குடுத்துட்டாங்க. நல்லபடியா முடிஞ்சுது."

"வேற ஒண்ணும் சொல்லலல்ல?"

"நல்லபடியா முடிஞ்சுதுங்கறேன்ல" என்று எழுந்து கை கழுவப் போனார்.

அமெரிக்கர்களுக்கு இரக்கமில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் இரக்கத்தை ஒரு டிராயரில் வைத்திருப்பார்கள், வழக்கை இன்னொன்றில். ஒன்றைத் திறக்கும்போது மற்றது தானாகத் திறந்துகொள்ளாது. முஃப்லிஹுக்கு இது பிப்ரவரியில் புரிந்தது.

வக்கீல் அம்மாள் மூன்று பேரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். கெஸ்லர் தம்பதியின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவர்கள் பக்கத்து இன்சூரன்ஸ் வழக்குப் போட்டிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதில் வால்டைக் கூப்பிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் குடும்பம் உங்களிடம் ஏதாவது பேசியதா என்று கேட்டிருக்கிறார்கள். வால்ட் ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. ஒன்பது பேர் வந்தது, காபி, ஃபோன், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பிறகு அவளுடைய ஃபோன் பதிவுகளை வரவழைத்தார்கள். பிறகு அரசு வக்கீல் அதைக் குற்ற வழக்காகக் கையில் எடுத்தார்.

"உங்களை யாரு அங்க போகச் சொன்னது?" என்றார் வக்கீல் அம்மாள். கத்தவில்லை. களைத்துப்போன குரல்.

இன்திஸார் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஃபோன் விஷயம் அவளுக்கே அப்போதுதான் தெரியும். ரஹஃப் யாரையும் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாலாவது முஃப்லிஹ் ஏதாவது சொல்லியிருப்பார்.

வழக்கு முடியும்வரை பயிற்சிக்கு வர வேண்டாம் என்று கல்லூரி சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் முஃப்லிஹ் எதிர்வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை பெரியவர்கள் யாரும் இல்லை, மேலங்கியும் இல்லை. வால்ட் வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க மன்னிச்சேன்னு சொன்னீங்க."

வால்ட் வாளியைக் கீழே வைத்தார். "ஆமா. மன்னிச்சேன். இப்பவும் மன்னிச்சுதான் இருக்கேன், மோ."

"அப்ப ஏன் அதைச் சொன்னீங்க?"

"சத்தியம் வாங்கிட்டுக் கேட்டாங்க. நான் என்ன, பொய் சொல்லணுமா?" அவர் முகத்தில் நிஜமான குழப்பம். "இது உங்க மேலயோ பொண்ணு மேலயோ இருக்கற கோபம் இல்ல. கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்கறது. நான் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. இவ்வளவு நேர்மையான மனுஷனைப் பார்த்ததே இல்லன்னுதான் சொன்னேன். வேணும்னா எழுதி வெச்சிருக்காங்க, பாருங்க."

முஃப்லிஹ் நின்றுகொண்டே இருந்தார். அந்த மனுஷன் தன்னை ஏமாற்றியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டியிருக்கலாம், சங்கத்தில் போய்க் காறித் துப்பியிருக்கலாம். வால்ட் வாளியை எடுத்துக்கொண்டு வந்து, இவர் நிற்கிற இடம் வழுக்கும் என்று இவர் காலடியிலும் கொஞ்சம் உப்புத் தூவினார்.

அபூ அவ்வாத் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சீட்டைக் கலைத்தார். "காபியை நாம கொண்டுபோனதுதான் தப்பு. அவன் வீட்டுக் காபியா இருந்திருந்தா அவனைக் கட்டிப்போட்டிருக்கும்" என்றார். முஃப்லிஹ் அதற்குப் பிறகு சங்கத்துக்குப் போகவில்லை.

ஏப்ரலில் கோர்ட். வழக்கை நடத்தித் தோற்பதைவிடத் தப்பை ஒப்புக்கொள்வது மேல், சிறை இல்லாமல் போகும் என்று வக்கீல் அம்மாள் பேசி முடித்திருந்தார். ரஹஃப் நீதிபதி முன்னால் நின்று தெளிவான குரலில் சொன்னாள். நான் ஃபோனைப் பார்த்தேன். என் கவனம் தெருவில் இல்லை. ஓராண்டு கார் ஓட்டக் கூடாது, அவள் பேரில் குற்றம் பதிவாகும் என்று தீர்ப்பு வந்தது. நர்ஸ் படிப்பு அத்தோடு முடிந்தது. எல்லாம் முடிந்த பிறகு நீதிபதி, அடிபட்டவரிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். இங்கேயும் மன்னிப்பு உண்டாம், தண்டனைக்குப் பிறகு. ரஹஃப் திரும்பினாள். லொரெய்ன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

காரில் திரும்பும்போது முஃப்லிஹ் ஓட்டினார். இன்திஸார் முன்னால் உட்காராமல் மகளோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தியா, அந்தம்மா எவ்வளவு நல்ல மனசு! கட்டிப்பிடிச்சாங்க பாரு" என்றார். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

"யாபா" என்றாள் ரஹஃப். "மோதினது நான். மன்னிப்புக் கேட்டது நீங்க. மன்னிச்சது அவரு. காபி குடிச்சது உங்ககூட வந்த எட்டுப் பேரு. இதுல நான் எங்க இருந்தேன்?"

"உனக்காகத்தானேம்மா..."

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருப்பீங்க. நான் போய் நின்னிருப்பேன். வக்கீல் வேண்டாம்னாலும் என்னிக்காவது நானே போயிருப்பேன், என் வாயால சொல்லியிருப்பேன். நான் உங்ககிட்ட சொன்னதை எடுத்துட்டுப் போய் நீங்க பெரிய மனுஷன் ஆயிட்டீங்க."

அவருக்கு மறுத்துப் பேச வாய் வந்தது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் பேசியிருப்பார்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. ரஹஃப் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் சலாம் சொல்வாள். சாப்பாடு பரிமாறுவாள், உப்புப் போதுமா என்று கேட்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். சனிக்கிழமைகளில் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். லொரெய்னுக்குக் காலை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுப்பதற்கு என்று இன்திஸார் சொன்னாள். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம் அங்கே இருப்பாள். கோடை வந்து ஜன்னல்களைத் திறந்து வைத்தபோது முஃப்லிஹுக்கு அவள் சிரிப்பு கேட்டது. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. ஷெட்டில் எதையோ துடைப்பதுபோல நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் அவர் பேருந்தை விட்டுவிட்டு வந்தபோது வால்ட் புல் வெட்டுகிற மெஷினை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டினார். வழக்கமாக அதோடு சரி. அன்றைக்கு நடுத்தெருவரைக்கும் வந்து கையைக் குலுக்கினார்.

"வாழ்த்துகள், மோ! பொண்ணுக்கு மிச்சிகன்ல இடம் கிடைச்சிடுச்சாமே. ஆஸ்பத்திரி லேப் படிப்பு. இந்தக் குற்றப் பதிவெல்லாம் அங்க தடை இல்லையாம், அவளே தேடிக் கண்டுபிடிச்சிருக்கா. அடுத்த வாரமே கிளம்பணும்னு சொன்னா. லொரெய்ன் ஒரே அழுகை, சனிக்கிழமை இனி யாரு வருவான்னு."

முஃப்லிஹ் அவர் கையைப் பிடித்தபடி நின்றார்.

வால்ட் அவர் முகத்தைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார். "உங்ககிட்ட சொல்லியிருப்பாளே..."

"சொன்னா, சொன்னா" என்றார் முஃப்லிஹ். "எங்கிட்டதான் முதல்ல சொன்னா."